பழைய படத்தில் குட்டைத் துப்பாக்கி: பெயர் தவறாமல் எழுத ஒரு வழிமுறை

பினாங்கு லெபோ குயின் பக்கத்தில் ஒரு மாடி வீடு. எண்பதைத் தாண்டிய அம்மா ஒருவர் பிஸ்கட் டின்னைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றியிருந்த ஒரு படத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளங்கை அளவுதான். ரப்பர் மரங்களுக்கு முன்னால் அரைக்கால் சட்டையும் இடுப்புப் பட்டியும் அணிந்த ஓர் இளைஞர். வலது கையில், தரையில் ஊன்றிப் பிடித்த ஒரு குட்டைத் துப்பாக்கி. "தம்பி, இது எங்கள் அப்பா. கெடாவில் தோட்டத்துக்குக் காவல் இருந்தபோது எடுத்தது. துப்பாக்கியின் பெயரைச் சரியாக எழுதிக் கொடு, பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள்" என்றார். படத்தின் பின்புறத்தில் யாரோ ஏற்கெனவே நீல மையில் 'ஸ்டென் கன்' என்று எழுதியிருந்தார்கள். அது ஸ்டென் இல்லை.

தோட்டப்புறத்துப் பழைய படங்களுக்கு விவரக் குறிப்பு எழுதும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். ஆளின் பெயர் தவறினால் உறவினர் யாராவது திருத்திவிடுவார்கள். தோட்டத்தின் பெயர் தவறினால் அங்கே பிறந்தவர்கள் சும்மா விடமாட்டார்கள். துப்பாக்கியின் பெயர் தவறினால் மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்த ஒரு சொல் படத்தின் ஆண்டையே மாற்றிவிடும். அந்த மனிதர் எந்தப் படையில் இருந்தார், யாருக்காகக் காவல் நின்றார் என்பதையும் மாற்றிவிடும். மலாயாவில் கம்யூனிஸ்டுகளின் ஆயுதக் கிளர்ச்சியை அடக்க 1948 ஜூனில் அறிவிக்கப்பட்டு 1960 ஜூலை 31 வரை நீடித்த அவசரகாலத்தில், அனுமதியில்லாமல் துப்பாக்கி ஏந்தியவருக்குத் தூக்குத் தண்டனை வரை இருந்தது. அப்படிப்பட்ட காலத்து மனிதரைப் பற்றி எழுதும்போது ஊகத்துக்கு இடம் கொடுக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கீழே இருப்பது நான் பின்பற்றும் முறை. படத்தில் கண்ணுக்குப் படும் அறிகுறியிலிருந்து தொடங்கி, பெயருக்குப் போகிறது. முன்னேற்பாடு அதிகம் வேண்டாம்: ஒரு பூதக்கண்ணாடி, மில்லிமீட்டர் அளவுகோல், பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் அடிக்க ஒரு கைவிளக்கு. ஸ்கேன் செய்ய முடிந்தால் அங்குலத்துக்கு 600 புள்ளிக்குக் குறையாமல் செய்யுங்கள். ஆல்பத்தின் கறுப்புத் தாளில் ஒட்டிய படத்தைப் பிய்க்காதீர்கள். தனியாக இருந்தால் முதலில் திருப்பிப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் தேதியும் முன்பக்கத்தைவிட அதிகம் சொல்லும்.

கார்பைன் என்பது முழு நீள ரைஃபிளின் குட்டை வடிவம். குதிரைமேல் இருந்தபடி கையாள வசதியாகக் குழலைக் குறுக்கியதில் தொடங்கியது. பிறகு பாராசூட் வீரருக்கும் வண்டியோட்டிக்கும் காட்டுக்குள் நடப்பவருக்கும் அதுவே ஏற்றதானது. மலாயாவின் பிரம்புப் புதரில் நீளக்குழல் சிக்கும் என்பதால் இங்கே அதற்குத் தனி மதிப்பு.

அறிகுறி: துப்பாக்கி குட்டையாகத் தெரிகிறது, ஆனால் உண்மையிலேயே குட்டையா என்று உறுதியில்லை

பாதிப் பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன. கேமராவை நோக்கிச் சாய்த்துப் பிடித்த எந்த ரைஃபிளும் குட்டையாகத்தான் விழும். தோளில் மாட்டியதும், மார்புக்குக் குறுக்கே கோணலாகப் பிடித்ததும் கண்ணை ஏமாற்றும். தரையில் ஊன்றி நிமிர்த்திப் பிடித்த படம் கிடைத்தால் அது வரம், அதில் அளந்துவிடலாம்.

பாதத்திலிருந்து உச்சந்தலை வரை அளந்துகொள்ளுங்கள். தொப்பியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிறகு தோளில் பதியும் பின்கட்டையின் அடியிலிருந்து குழலின் நுனி வரை அளந்து, இரண்டாவதை முதலாவதால் வகுத்து, ஆளின் உயரத்தால் பெருக்குங்கள். அந்த அம்மாவின் படத்தில் அப்பாவின் உருவம் 66 மில்லிமீட்டர், துப்பாக்கி 36 மில்லிமீட்டர். "அண்ணனும் அப்பாவும் ஒரே உயரம், ஐந்தடி ஐந்து அங்குலம்" என்று அவர் சொன்னார். அதாவது 165 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் துப்பாக்கி 90 சென்டிமீட்டர்.

இப்போது ஒப்பிட வேண்டிய எண்கள். அக்காலத்து முழு நீள பிரிட்டிஷ் ரைஃபிளான நம்பர் 4 லீ என்ஃபீல்ட், ஏறத்தாழ 113 சென்டிமீட்டர். அதன் குட்டைத் தம்பியான நம்பர் 5, ஏறத்தாழ 100. அமெரிக்க எம்1 கார்பைன், 90 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். ஸ்டென் 76 அளவில் நிற்கும். 165 சென்டிமீட்டர் மனிதரின் பக்கத்தில் ஊன்றினால், நம்பர் 4 தொப்புளைத் தாண்டி மேல்வயிறு வரை வரும், நம்பர் 5 தொப்புளோடு நிற்கும், எம்1 பட்டிக்குக் கீழேயே முடிந்துவிடும். அளவுகோல் இல்லாத இடத்தில் இந்தக் கண்ணளவு போதும்.

படத்தில் இந்தக் கணக்கு நாலைந்து சென்டிமீட்டர் முன்பின் தவறும். ஆகவே அளவு வழிகாட்டும், முடிவு சொல்லாது. அடுத்த அறிகுறிகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே பேனாவை எடுங்கள்.

அறிகுறி: குழலின் வாயில் புனல்போல ஒரு கூம்பு

இது தெளிவாகத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இரவிலும் அடர்காட்டிலும் வெடிச்சுடர் சுடுபவரின் கண்ணைக் கூசவைக்காமல் மறைக்கும் கூம்பு அது. நம்பர் 5 மார்க் 1 ரைஃபிளின் முகவரியே அதுதான். உலகம் அதை 'ஜங்கிள் கார்பைன்' என்று அழைக்கிறது. பிரிட்டிஷ் படை அதற்கு அப்படி ஒரு பெயரை அதிகாரபூர்வமாக வைத்ததில்லை. அதனால் குறிப்பில் 'நம்பர் 5 மார்க் 1' என்று எழுதி, புழக்கப் பெயரை அடுத்துக் குறிப்பிடுவதே என் வழக்கம்.

கூம்போடு சேர்த்து வேறு மூன்று அடையாளங்களைத் தேடுங்கள். ஒன்று, முன்பக்க மரம் பாதியிலேயே முடிந்து, குழல் நன்றாக வெளியே நீண்டிருக்கும். இரண்டு, பின்கட்டையின் முடிவில் கறுப்பு ரப்பர் அட்டை. மூன்று, வலப்பக்கம் உருண்டைக் குமிழோடு, தோட்டாவை ஏற்ற இழுக்கும் போல்ட் கைப்பிடி, அதற்குக் கீழே பத்துத் தோட்டா கொள்ளும் மேகசின். பயோனெட் என்னும் முனைக்கத்தி மாட்டியிருந்தால் அதன் குறுக்குத் தகட்டில் உள்ள வளையம் கூம்பைச் சுற்றி வரும் அளவுக்குப் பெரிதாக இருக்கும்.

இது 1944 முதல் 1947 வரை மட்டுமே தயாரான துப்பாக்கி. குழல் பதினெட்டே முக்கால் அங்குலம், எடை ஏறத்தாழ 3.2 கிலோ. எடையைக் குறைக்கக் குழலின் அடிப்பகுதியிலும் உடற்பகுதியிலும் இரும்பைச் சுரண்டி எடுத்தார்கள். ஆனால் தோட்டா மட்டும் முழு நீள ரைஃபிளின் அதே முழு வலுவுள்ள .303 அங்குலத் தோட்டா. இலேசான துப்பாக்கியில் கனத்த தோட்டா என்றால் தோளுக்கு என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள். குறுகலான அந்த ரப்பர் அட்டை காலப்போக்கில் இறுகி, உதையை இன்னும் கூர்மையாக்கியது.

இங்கே படத்தில் இல்லாத, வாய்மொழியில் வரும் ஓர் அறிகுறி உண்டு. "தாத்தாவின் துப்பாக்கி நேற்றுச் சுட்ட இடத்தில் இன்று சுடாது என்பார்" என்று பேரன் ஒருவர் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம்பர் 5-இன் பேர்போன குறை அது: குறி நிலைக்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும் என்று படைக்குள் புகார் எழுந்தது, தயாரிப்பு நின்றதற்கும் அதையே காரணமாகச் சொன்னார்கள். உண்மையான காரணம் தானே தோட்டாவை ஏற்றும் ரைஃபிள்களுக்கு மாற வேண்டும் என்ற விருப்பம்தான் என்று வாதிடுவோரும் உண்டு. எப்படியிருந்தாலும், ஒரு முதியவர் 'குறி ஓடும்' என்று சொன்னால் அதைப் புலம்பலாக எண்ணித் தள்ளாமல் எழுதிவையுங்கள். எந்தப் புத்தகத்தையும் படித்திராத ஒருவர் தம் தோளால் அறிந்த சான்று அது.

அறிகுறி: கூம்பு இல்லை, மெலிந்த மரக்கட்டை, துப்பாக்கி பொம்மைபோல இலேசாகத் தெரிகிறது

எம்1 கார்பைனாக இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்கா 1941-இல் ஏற்றுக்கொண்டு, இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் 60 லட்சத்துக்கும் மேல் செய்து குவித்த ஆயுதம். துப்பாக்கித் தொழிற்சாலைகள் போதாமல் ஜூக்பாக்ஸ் செய்த ராக்-ஓலாவும், தட்டச்சுப்பொறி செய்த அண்டர்வுட்டும், ஐபிஎம்மும்கூட அதைச் செய்தன. எடை இரண்டரைக் கிலோ அளவே. ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் ஒரு தோட்டா வெளியேறும். அடுத்தது தானே ஏறிக்கொள்ளும்.

உறுதிப்படுத்தும் இடம் பின்கட்டை. மற்ற ரைஃபிள்களில் தோளில் மாட்டும் வார், அடியில் உள்ள இரும்பு வளையத்தில் மாட்டப்பட்டிருக்கும். இதில் பின்கட்டையை ஊடுருவும் ஒரு நீள்துளை இருக்கும்; விரல் நீள எண்ணெய்க் குழாய் ஒன்று அதில் பொருந்தியிருக்கும்; வார் அந்தக் குழாயைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வெளிவரும். லெபோ குயின் வீட்டில் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது எனக்குத் தெரிந்தது அதுதான். துப்பாக்கி சற்றே திரும்பியிருந்ததால், பின்கட்டையின் நடுவில் ஓர் அரிசிமணி அளவுக்குக் கறுப்புக் கோடு, அதற்குள் நுழையும் வெளிறிய துணிவார். 90 சென்டிமீட்டர் கணக்கும் அதுவும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டன. பல படங்களில் பின்கட்டையின்மேல் இரட்டை அறை கொண்ட துணிப்பை ஒன்றும் மாட்டியிருக்கும். உபரி மேகசின் வைக்கும் பை அது. அதுவும் நல்ல அடையாளம்.

இந்தத் துப்பாக்கியைச் சுற்றி நான்கு பொறிகள் இருக்கின்றன. நான்கிலும் ஆட்கள் விழுந்து பார்த்திருக்கிறேன்.

முதல் பொறி, பெயர். 'எம்1' என்றதும் அமெரிக்காவின் பெரிய ரைஃபிளான எம்1 கேரண்டின் குட்டை வடிவம் என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டும் வேறு இயக்கம், வேறு தோட்டா. கார்பைனின் தோட்டா சிறியது, வேகமும் குறைவு. எம்1 என்பது 'முதல் மாதிரி' என்ற பொருளில் வைத்த எண், அவ்வளவுதான்.

இரண்டாவது, மேகசின். முதலில் வந்தது பதினைந்து தோட்டா கொள்ளும் நேரான மேகசின். எம்2 என்னும் முழுத் தானியங்கி வடிவத்தோடு முப்பது தோட்டா கொள்ளும் வளைந்த மேகசின் வந்தது. அந்த வளைந்த மேகசின் எம்1-லும் பொருந்தும். ஆகவே வளைவைப் பார்த்து 'எம்2' என்று எழுதக்கூடாது. உடற்பகுதியின் இடப்பக்கம், முன்னால், ஒரு சிறிய நெம்புகோல் தெரிந்தால் மட்டுமே எம்2.

மூன்றாவது, பயோனெட் மாட்டும் கொளுவி. முன்வளையத்தில் அது இருந்தால் படம் போரின் கடைசிக் கட்டத்துக்குப் பிந்தியது என்று சொல்லலாம். இல்லையென்றால் எதையும் சொல்ல முடியாது. பழைய துப்பாக்கிகள் அப்படியே நீண்ட காலம் புழங்கின.

நான்காவதுதான் மிகவும் ஆபத்தானது: 'அமெரிக்கத் துப்பாக்கி, ஆகவே…' என்று தொடங்கும் எந்த வாக்கியமும். 1945-இல் ஃபோர்ஸ் 136 என்னும் பிரிட்டிஷ் இரகசியப் பிரிவு, ஜப்பானியரை எதிர்த்த காட்டுப் படைக்கு வானிலிருந்து இறக்கிய ஆயுதங்களில் இந்தக் கார்பைனும் இருந்தது. அந்தக் காட்டுப் படை கலைக்கப்பட்டபோது ஒளித்துவைத்த ஆயுதங்கள் 1948-க்குப் பிறகு கம்யூனிஸ்டுகளின் கையில் வெளிவந்தன. அதே கார்பைன் மலாயாப் போலீசாரிடமும், பிரிட்டிஷ் சிப்பாய்களிடமும், தோட்டத்துத் துரையின் ஜீப்பிலும் இருந்தது. துப்பாக்கி அந்த ஆளின் பக்கத்தைச் சொல்லாது. சீருடை, தொப்பியின் சின்னம், பட்டி, பின்னால் நிற்கும் கட்டடம் ஆகியவைதான் சொல்லும். அந்த அம்மாவின் அப்பாவுக்குத் தொப்பியில் சின்னம் இருந்தது. சிறப்புக் காவலர், தோட்டத்து மக்கள் 'எஸ்.சி.' என்று சொன்ன ஸ்பெஷல் கான்ஸ்டபிள்.

அறிகுறி: இணையத்தில் பெயரைத் தேடி ஒப்பிட்டேன், படத்தோடு ஒத்துப்போகவில்லை

இந்தப் புகாரோடுதான் இளையவர்கள் அதிகம் வருகிறார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஒப்பிட எடுத்த படம் படைத் துப்பாக்கி இல்லை, அதன் சிவில் உடன்பிறப்பு.

போருக்குப் பிறகு அமெரிக்கக் கடைகளில் பழைய பிரிட்டிஷ் ரைஃபிள்கள் மலிவாகக் குவிந்தன. கலிபோர்னியாவில் அவற்றை வாங்கி, முழு நீள லீ என்ஃபீல்டின் குழலைக் குறுக்கி, முன்மரத்தை வெட்டி, கூம்பு மாட்டி 'சாந்தா ஃபே ஜங்கிள் கார்பைன்' என்ற பெயரில் வேட்டைக்காரர்களுக்கு விற்றார்கள். அந்தப் புழக்கப் பெயர் இவ்வளவு பரவியதற்கு அந்த விற்பனையும் ஒரு காரணம். தூரத்துப் பார்வைக்கு அசல்போலவே இருக்கும். அசலில் உள்ள சுரண்டல் வெட்டுகள் அதில் இருக்காது. அசலின் குறிபார்க்கும் தகடு 800 கஜம் வரை. நம்பர் 4-இலிருந்து வந்ததில் 1300 வரை எண்கள் இருக்கும். இணையத்தில் கண்ட ஒன்று தாத்தாவின் படத்தில் உள்ளதைவிடப் பருமனாகத் தெரிந்தால், முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

எம்1 கார்பைனுக்கும் இதே கதை. போருக்குப் பிறகு யுனிவர்சல், பிளெயின்ஃபீல்ட், ஐவர் ஜான்சன் போன்ற நிறுவனங்கள் அமெரிக்கப் பொதுமக்களுக்காக அதைப் புதிதாகச் செய்து விற்றன. குழலின்மேல் மரத்துக்குப் பதிலாகத் துளையிட்ட உலோக மூடி இருப்பதைக் கண்டால் அது பெரும்பாலும் அந்தச் சிவில் வகைதான். நம் தோட்டத்துப் படங்களில் இருப்பவை மரமூடி கொண்டவை.

மலாயாவில் நிலை நேர்மாறு. அமெரிக்காவில் படைத் துப்பாக்கியைப் பார்த்துச் சிவில் துப்பாக்கி செய்தார்கள். இங்கே படைத் துப்பாக்கியையே சிவிலியன் கையில் கொடுத்தார்கள். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்ட பிறகு, தோட்டத்துத் துரைகள் கார்பைனோடும் ஸ்டென்னோடும் தொழிலாளரின் வரிசைக் கணக்கெடுக்கப் போனார்கள். அதனால் சீருடையில்லாத ஒருவர் கையில் கார்பைனைக் கண்டதும் அதைச் சிவில் வகை என்று எழுதாதீர்கள்.

அறிகுறி: மேகசின் பக்கவாட்டில் நீட்டியிருக்கிறது, அல்லது மேல்நோக்கி நிற்கிறது

கார்பைன் இல்லை, கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் சப்மெஷின் கன். இடப்பக்கம் நேராக நீண்டால் ஸ்டென், இடப்பக்கம் வளைந்து நீண்டால் 1950-களில் வந்த ஸ்டெர்லிங், மேல்நோக்கி நின்றால் ஆஸ்திரேலிய ஓவன். மூன்றும் மலாயாவில் புழங்கியவை. தோட்டத்துப் பேச்சில் குட்டையான எல்லாவற்றுக்கும் 'ஸ்டென்' என்ற ஒரே பெயர் நிலைத்துவிட்டது. லெபோ குயின் படத்தின் நீல மைக்கும் அதுவே காரணம்.

அறிகுறி: போல்ட் கைப்பிடி இடப்பக்கம் இருக்கிறது

புது வகைத் துப்பாக்கி என்று தேடி அலையாதீர்கள். நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்டிருக்கிறார்கள். சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் மேலே வந்திருக்கிறது என்று பாருங்கள். பின்னால் கடைப் பலகை இருந்தால் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி ஓடும். ஸ்கேன் செய்த கோப்பைத் திருப்பி, திருப்பியதைக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

அறிகுறி: துப்பாக்கியின் பெயர் பொருந்துகிறது, ஆண்டு பொருந்தவில்லை

இதைப் பற்றி எழுதும்போது எனக்கு இன்னும் மனம் கனக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய கண்காட்சிக்கு நான் எழுதிய குறிப்பு இது: இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணி படைப்பிரிவில் சேர்ந்த ஒரு தோட்டத்துப் பெண், கையில் ரைஃபிள், கீழே 'ஜங்கிள் கார்பைன்' என்று என் எழுத்து. அவர் சிறிய உருவம்; ரைஃபிள் சாய்ந்திருந்தது; குட்டையாகத் தெரிந்தது. நான் அளக்கவில்லை, ஆண்டையும் கூட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர் ஒருவர் வந்து, "ஐயா, அந்தப் பெண்கள் 1943-இல் சிங்கப்பூரில் பயிற்சி தொடங்கினார்கள். இந்தத் துப்பாக்கி 1944-இல்தான் இங்கிலாந்தில் பிறந்தது. அது எப்படி இவர் கைக்கு வந்தது?" என்று கேட்டார். பதில் இல்லை. அது வரவே முடியாது. ஜப்பானோடு நின்ற படைக்கு பிரிட்டனின் புத்தம்புது ரைஃபிள் யார் கொடுப்பார்கள்?

அவர் கையில் இருந்தது பழைய நம்பர் 1 மார்க் 3 லீ என்ஃபீல்ட். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தபோது பிரிட்டிஷ் இந்தியப் படையினர் கீழே வைத்த ரைஃபிள்கள் அவை. அவற்றை அடையாளம் காண்பது எளிது: மரம் குழலின் வாய் வரைக்கும் மூடியிருக்கும், முனை பன்றியின் மூக்குபோல மொண்ணையாக இருக்கும், குழல் வெளியே நீளாது. நம்பர் 4-இல் குழல் கொஞ்சம் நீளும். நம்பர் 5-இல் நிறைய நீண்டு கூம்பில் முடியும். இந்த மூன்று முனைகளையும் மனத்தில் பதித்துக்கொண்டால் லீ என்ஃபீல்ட் குடும்பத்தில் பிழை வராது.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன்: துப்பாக்கி பிறந்த ஆண்டைப் படத்தின் ஆண்டுக்குப் பக்கத்தில் எழுதிப் பார்க்காமல் குறிப்பை முடிப்பதில்லை.

அறிகுறி: முழுக்கக் கறுப்பு, மேலே தூக்கிச் செல்லும் கைப்பிடி

அமெரிக்காவின் எம்16 குடும்பம். படத்தில் நீளக்குழலும் நிலையான பின்கட்டையும் இருந்தால் எம்16. குழல் குட்டையாகி, பின்கட்டை உள்ளே தள்ளக்கூடியதாக இருந்தால் கார்பைன் வகை. இன்றைய எம்4-இன் குழல் பதினான்கரை அங்குலம். அமெரிக்கக் கடையில் விற்கும் அதன் சிவில் வடிவத்துக்குப் பொதுவாக 16 அங்குலம். அந்த ஒன்றரை அங்குலத்துக்குக் காரணம் சட்டம்: 1934-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ரைஃபிளைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். சிவில் வடிவம் விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒன்றுதான் சுடும். தேர்வு நெம்புகோலில், தொடர்ந்து சுடவைக்கும் மூன்றாவது நிலை கிடையாது. செய்தித்தாளில் மெர்டேக்கா என்னும் சுதந்திர தின அணிவகுப்புப் படத்தின் கீழ் 'ஏஆர்-15' என்றோ, அமெரிக்கத் துப்பாக்கிக் கடைப் படத்தின் கீழ் 'எம்4' என்றோ வந்தால் இதை வைத்துத் திருத்தலாம்.

ஆனால் பழைய படமென்றால் கொஞ்சம் நிதானியுங்கள். ஏஆர்-15 என்ற பெயர் இன்று சிவில் துப்பாக்கியைக் குறிக்கிறது. தொடக்கத்தில் அது படைத் துப்பாக்கியின் பெயர். ஏஆர் என்பது வடிவமைத்த ஆர்மலைட் நிறுவனத்தின் சுருக்கம். உரிமையை வாங்கிய கோல்ட் நிறுவனம் அந்தத் துப்பாக்கியை முதன்முதலாக விற்ற நாடு எது தெரியுமா? மலாயாக் கூட்டரசு. 1959 செப்டம்பர் 30. அமெரிக்கப் படை அதை எம்16 என்று பெயரிட்டு ஏற்பதற்கும் முன்னால், அமெரிக்கப் பொதுமக்களுக்கு அது கடையில் கிடைப்பதற்கும் முன்னால், நம் நாடு அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. முதல் தொகுதி தயாரானது அந்த ஆண்டு டிசம்பரில். ஆகவே 1950-களின் தோட்டத்துப் படத்தில் எம்16 குடும்பம் இருக்க முடியாது. 1960-களின் போர்னியோ எல்லைப் படத்தில், ஏஆர்-15 என்று முத்திரை குத்திய தானியங்கி இருக்கலாம்.

பச்சை நிறப் பின்கட்டைக்குள்ளேயே மேகசின் செருகியிருந்தால் அது ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஆக். மலேசியப் படையில் நெடுங்காலம் இருந்தது. மொத்த நீளம் 79 சென்டிமீட்டர்தான், ஆனாலும் கார்பைன் இல்லை: இயக்கப்பகுதி முழுவதும் பின்கட்டைக்குள் போய்விட்டதால், 50 சென்டிமீட்டர் முழுக்குழலோடும் அது குட்டையாக இருக்கிறது.

அறிகுறி: எதுவும் பொருந்தவில்லை

மேகசினும் இல்லை, போல்ட்டும் இல்லை, குழல் தடிமன் என்றால் ஒற்றைக்குழல் வேட்டைத் துப்பாக்கியாக இருக்கலாம். ஊர்க்காவல் படையினரிடம் அவை நிறைய இருந்தன. அதுவும் இல்லையென்றால் கோலாலம்பூர் தாமான் பொத்தானி அருகே உள்ள போலீஸ் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். கம்யூனிஸ்டுகளிடமிருந்து கைப்பற்றியவையும் போலீசார் பயன்படுத்தியவையும் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. அச்சுப் படத்தில் பிடிபடாத பருமனும் மரத்தின் வளைவும் நேரில் பார்த்தால் ஒரு நொடியில் பிடிபடும். அப்போதும் தெரியவில்லையென்றால் 'அடையாளம் காணப்படாத குட்டை ரைஃபிள்' என்று எழுதுங்கள்.

அறிகுறி: படங்களோடு டின்னில் தோட்டா கிடக்கிறது

இதை ஒத்திப்போடாதீர்கள். தாத்தாவின் நினைவாக ஒரே ஒரு தோட்டாவைப் பத்திரப்படுத்திய குடும்பங்கள் இருக்கின்றன. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாத தோட்டாவுக்கே ஏழாண்டு வரை சிறையோ 10,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். துப்பாக்கியே இருந்தால் 1971-ஆம் ஆண்டின் சட்டப்படி பதினான்கு ஆண்டு வரை சிறையும் ஆறு பிரம்படிக்குக் குறையாத தண்டனையும். அதைத் தொடாமல், தேய்த்துப் பார்க்காமல், காரில் எடுத்துக்கொண்டு போகாமல், இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு போலீசை அழையுங்கள். படத்தில் உள்ளதுபோல் ஒரு மாதிரித் துப்பாக்கியை இணையத்தில் வாங்கிப் படச்சட்டத்துக்குப் பக்கத்தில் மாட்டலாமா என்று கேட்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பதில் அந்த 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் இருக்கிறது: போலித் துப்பாக்கிக்கும் ஓராண்டு வரை சிறையோ 5,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

குறிப்பை எழுதும்போது

படத்தின் பின்புறம் பேனாவால் எழுதாதீர்கள். மை ஊறி முகத்தில் வந்து நிற்கும். தனி அட்டையில், மென்மையான பென்சிலால் எழுதிப் படத்தோடு உறையில் வையுங்கள். கண்ணால் கண்டதையும், குடும்பத்தார் சொன்னதையும், நீங்கள் முடிவு செய்ததையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். பழைய குறிப்பு தவறாக இருந்தாலும் அழிக்காதீர்கள். எழுதியவர் யாரிடமோ கேட்டுத்தான் எழுதியிருப்பார்.

லெபோ குயின் அட்டையில் இப்படி எழுதினேன்: 'தோட்டச் சிறப்புக் காவலர், கெடா, மகள் சொன்னபடி 1950 வாக்கில். தொப்பியில் காவலர் சின்னம். கையில் எம்1 கார்பைன்: நீளம் படக்கணக்கில் 90 செ.மீ., பின்கட்டையில் வார்த்துளை தெரிகிறது. எம்2-ஆ என்று சொல்ல இயலாது, உடலின் இடப்பக்கம் கை மறைக்கிறது. பின்புறத்தில் வேறு கையெழுத்தில் ஸ்டென் கன் என்று உள்ளது.' அந்த அம்மா அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "இடது கையில் கடிகாரம் இருக்கிறதே, அதையும் எழுது தம்பி. முதல் சம்பளத்தில் வாங்கியது" என்றார். பூதக்கண்ணாடியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இருந்தது. மூன்றாவது வரியில் சேர்த்தேன்.